எல்லா சீசனுக்கும் ஒரே டயரா?

படிக்க வந்த இடம் டொரண்டோ. இங்கே குளிர்கால டயர் கட்டாயமில்லை. பக்கத்து கியூபெக்கில் 2008-லிருந்தே சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. கட்டாயமில்லை என்றால் நாம வாங்குவோமா? என் ஓட்டைக் காருக்கு 'ஆல் சீசன்' போதும் என்றிருந்தேன்.

போன ஜனவரியில் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. எதிரே குழந்தை வண்டியோடு ஒரு பெண். ஒரு முழம் தள்ளி நின்றது...

விஷயம் இதுதான். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, சாதாரண ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். குளிர்கால ரப்பர் மெத்தென்றே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனிப்பூவும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாலையும் மாற்றுங்கள், முன்னால் மட்டும் மாற்றினால் பின்பக்கம் சுழற்றிவிடும்.

மறுநாளே வாங்கிவிட்டேன். அந்த மாத வாடகை கடன்தான். பரவாயில்லை, கடனை அடைத்துவிடலாம்.