பின்னச்சு போட்ட ஊளை

வழக்கமா தோட்டம், மாடு, மழைன்னுதான் இங்கே எழுதுவேன். இன்னைக்கு எங்க பிக்கப் வண்டியோட பின்னச்சைப் பற்றி எழுதுறேன். வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு உதவும். அதைவிட, எனக்கு ஒரு பாரம் இறங்கும்.

எங்க வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கினது. வாரத்துக்கு நாலு நடை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏத்திக்கிட்டுப் போகும். ஓட்டினது என் பங்காளி மகன், இருபத்திரண்டு வயசுப் பையன். போன ஐப்பசி மழையில் எங்க ஊர் தரைப்பாலத்துக்கு மேலே முழங்கால் அளவு தண்ணி பத்து நாள் போச்சு. வேறு பாதை கிடையாது. லோடோட அதுக்குள்ளே இறங்கித்தான் ஏறணும்.

அதுக்கு முன்னாடியே பையன் ஒரு நாள் சொன்னான். "சித்தப்பா, பின்னாடி கிரவுன் பக்கம் ஆயில் கசியுது. ஒருவாட்டி காட்டிருவோம்." நான் முருங்கைக்கு மருந்தடிக்கிற அவசரத்தில் இருந்தேன். "பழைய வண்டின்னா கசியத்தாண்டா செய்யும்"னு சொல்லிட்டேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் சொன்னான். அதுக்கு நான் பதிலே சொல்லலை.

கார்த்திகையில் சத்தம் ஆரம்பிச்சது. நாற்பதைத் தாண்டினால் பின்னாடியிருந்து ஒரு ஊளை. ஆக்ஸிலேட்டரை மிதிச்சால் ஏறும், காலை எடுத்தால் குறையும். நான் உடனே வீல் பேரிங்னு முடிவு பண்ணி ரெண்டு பக்கமும் மாத்தினேன். சத்தம் போகலை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் யூ.ஜே. கிராஸ் மாத்தினேன். அப்பவும் போகலை. காசு போன எரிச்சலில் பையன் மேலே பாய்ஞ்சேன். "நீ கிளட்சை வெடுக்குன்னு விட்டு எடுக்கிறதாலதான் பல்லு போச்சு. உன் சொந்த வண்டின்னா இப்படி ஓட்டுவியா?" களத்தில் நாலு பேர் நிக்கிறப்போ கேட்டேன். அவன் சாவியைத் திண்ணையில் வச்சிட்டுப் போயிட்டான். அடுத்த வாரம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிட்டான்.

கார்த்திகை, மார்கழியில் முருங்கை வரத்து குறையும், விலை ஏறும். அந்த நேரத்தில் வண்டி நின்னால் வருஷத்துச் சம்பாத்தியமே நின்ன மாதிரி. டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பிரிச்சுப் பார்க்காமலே "அச்சு மொத்தமா மாத்தணும்"னாங்க. மனசு கேக்காம, மெயின் ரோட்டில் பழைய லாரி வேலை பார்க்கிற பாய்கிட்ட கொண்டு போனேன். எழுபதை நெருங்கின மனுஷன்.

அவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டு தம்பி"ன்னார். வளைவில் திருப்பச் சொன்னார். "வீல் பேரிங்னா இடது வலது திருப்புறப்போ சத்தம் மாறும். இது மாறலை. நீ மிதிக்கிறப்பவும் விடுறப்பவும்தான் மாறுது. அப்போ கோளாறு பினியன் பக்கம்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போச்சு. இந்த அஞ்சு நிமிஷச் சோதனையைச் செய்யாமத்தான் ரெண்டு பேரிங்குக்கும் ஒரு கிராஸுக்கும் காசு அழுதிருக்கேன்.

அப்புறம் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ரெண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பினியன் முனையைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். ஆடுச்சு. "சுத்துற வாக்கில் கொஞ்சம் லூஸ் இருக்கலாம், பல்லுக்குப் பல்லு இடைவெளி வேணும். மேலே கீழே ஆடவே கூடாது. ஆடினால் பினியன் பேரிங் போச்சு."

கடைசியில் ஆயில். முதலில் ஊத்துற ப்ளக்கைத் திறக்கணும், அப்புறம்தான் வடிக்கிற ப்ளக்னு சொன்னார். வடிச்சிட்டு, ஊத்துற ப்ளக் துருப்பிடிச்சுத் திறக்க வரலைன்னா வண்டி அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஆயில் இறங்கினதைப் பார்த்து ரெண்டு பேரும் பேசலை. டீக்கடைக் காபி நிறத்தில் இருந்தது. தண்ணி கலந்திருக்கு.

எப்படிப் போச்சுன்னும் காட்டினார். ஹவுசிங்குக்கு மேலே ப்ரீத்தர்னு ஒரு சின்ன மூடி இருக்கு. அச்சு மூச்சு விடுற வழி. எங்க வண்டியில் அது சேறு அடைச்சுக் கல்லாகிக் கிடந்தது. ஓடி ஓடி உள்ளே சூடாகிறப்போ காத்து வெளியே போக வழியில்லாம, பினியன் ஆயில் சீலைத் தள்ளிக்கிட்டு ஆயில் கசிஞ்சிருக்கு. பையன் பார்த்தது அதைத்தான். அந்தச் சூட்டோட தரைப்பாலத்துத் தண்ணிக்குள்ளே இறங்கினதும் காத்து சுருங்கி, அதே சீல் வழியா தண்ணியை உள்ளே இழுத்திருக்கு. ரெண்டு மாசம் தண்ணி ஆயிலில் பேரிங் ஓடியிருக்கு. கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

நல்லவேளை, கிரவுன், பினியன் பல்லு தப்பிச்சது. அது போயிருந்தால் ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும். ஒன்னுக்கொன்னு தேய்ச்சுப் பழக்கி வர்றது அது, ஒத்தையா மாத்தினால் ஊளை நிக்காது. பேரிங், சீல், ஆயில், ரெண்டு நாள் கூலியோட முடிஞ்சது.

டிஃபரன்ஷியல் எதுக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சது. களத்தில் பிணையல் ஓட்டினவங்களுக்குச் சொன்னால் போதும். உள்வட்டத்து மாடு மெதுவா நடக்கும், வெளிவட்டத்து மாடு அதிக தூரம் நடக்கும். வளைவில் ரெண்டு சக்கரமும் அப்படித்தான். எஞ்சின் ஒன்னா இருந்தும் ரெண்டையும் வேற வேற வேகத்தில் சுத்த விடுற பல்லுக் கூட்டம் அது. அதனால்தான் சேத்தில் ஒரு சக்கரம் மட்டும் சுத்தறப்போ ஆக்ஸிலேட்டரை மிதிச்சு நிக்கக் கூடாது. உள்ளே இருக்கிற சின்னப் பல்லுங்க அந்த வேகத்துக்குச் செஞ்சது இல்லை. தழையோ சாக்கோ போட்டு எடுங்க. பின் டயர் ரெண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லைன்னா நேர் ரோட்டிலும் அதுங்களுக்கு ஓய்வு கிடையாது.

நான் இப்போ செய்யறது இவ்வளவுதான். மாசம் ஒருதடவை ஊத்துற ப்ளக்கைத் திறந்து விரலை விடுவேன். ஆயில் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் நிக்கணும். பால் நிறம் தெரிஞ்சால் அன்னைக்கே மாத்தணும். ப்ளக் காந்தத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, துண்டு துண்டா இரும்பு வந்தால் வண்டியை எடுக்காதீங்க. சக்கரத்துப் பக்கம் கசிஞ்சால் பிரேக் ஷூவில் ஆயில் இறங்கும், அது உயிர் விஷயம். ஆயில் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதுதான். எங்க வண்டிக்கு ஜி.எல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. மிச்சம் இருக்குன்னு அதையே கியர் பாக்ஸில் ஊத்திடாதீங்க, சில பாக்ஸில் உள்ளே இருக்கிற பித்தளையை அது அரிச்சிடும். மழைக்காலம் முடிஞ்சதும் ப்ரீத்தரைக் கழற்றி ஊதி மாட்டுங்க.

பொங்கலுக்குப் பையன் ஊருக்கு வந்தான். அவங்க வீட்டு வாசலுக்கே போனேன். அவங்க அப்பா இருக்கிறப்பவே, "தப்பு என் மேலதான்டா. நீ சொன்னப்போ கேட்டிருக்கணும்"னேன். அவன், "விடுங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டு, "சீல் மாத்தினீங்களா?"ன்னு மட்டும் கேட்டான்.

திரும்பி வரச் சொன்னேன். வரலை. அங்கே சம்பளம் பரவாயில்லையாம். இப்போ வண்டியை நான்தான் ஓட்டுறேன். ஊளை இல்லாம ஓடுது.