வயலில் கிடைத்த பொத்தான்

சட்டையிலிருந்து ஒரு பொத்தான் அறுந்து விழுந்தால், குனிந்து தேடுபவர் சிலரே. வேறொன்றைத் தைத்துக்கொண்டு நம் வழியே போய்விடுகிறோம். ஆயினும், என்றோ எவருடைய மார்பிலிருந்தோ அறுந்து விழுந்த ஒரு பொத்தானுக்காக, அந்நிய மண்ணில் முழங்காலிட்டுக் கைகளால் மண்ணைக் கிளறும் நிலை நமக்கு ஒருமுறை ஏற்பட்டது.

2018 ஆகஸ்டு மாதம் அது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள சிறிய பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக நான்கு வாரங்கள் பணியாற்றினோம். வார நாள் திருப்பலிக்குத் தவறாமல் வரும் முதியவர் ஒருவர், வயல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவியை அடக்கம் செய்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. வீட்டின் அமைதி தாங்காமல், நாள்தோறும் மெட்டல் டிடெக்டர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வயல்வெளிக்குப் போய்விடுவார். ஒருநாள் நம்மையும் உடன் அழைத்தார்.

கோதுமை அறுவடை முடிந்து தாள்கட்டைகள் மட்டும் நின்ற நிலம். நில உடைமையாளரின் அனுமதியை முன்பே பெற்றிருந்தார். கருவியின் அடியிலுள்ள வட்டமான கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. உள்ளே உலோகம் இருந்தால் புலம் மாறுபட்டு, காதில் ஒலி கேட்கிறது. தரையை ஒட்டிக் கருவியை வலமும் இடமுமாக மெல்ல வீசியபடி நடக்கவேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் நமக்குக் கிடைத்தவை துருப்பிடித்த ஆணிகளும், குளிர்பான டப்பாவின் மூடித்துண்டுகளுமே. பிறகு தெளிவான ஓர் ஒலி எழுந்தது. ஒரு சாண் ஆழத்தில், சாம்பல் நிறத்தில், பத்துப் பைசா அளவுள்ள வட்டத்தகடு ஒன்று அகப்பட்டது. பின்புறத்தில் நூல் கோக்கும் காது ஒடிந்திருந்தது. எச்சிலால் துடைத்தபோது முன்புறத்தில் ஓர் எண் தெரிந்தது: 69.

"படைவீரனுடைய பொத்தான், ஃபாதர்" என்றார் முதியவர்.

போர் நடவாத வயலில் படைவீரனின் பொத்தான் எப்படி வந்தது? அவரே விளக்கினார். பணி முடிந்து திரும்பிய வீரர்கள் பழைய சீருடையையே அணிந்து வயல் வேலை செய்ததுண்டு. கந்தலான கம்பளித் துணிகளை உரமாக நிலத்தில் கொட்டி உழும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. துணி மக்கி மண்ணாயிற்று, பொத்தான் எஞ்சியது.

1767ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவு ஒவ்வொன்றும் தன் எண்ணைப் பொத்தானில் பொறித்துக்கொண்டது. சாதாரண வீரனுக்கு 1855 வரை வெள்ளீயக் கலவைப் பொத்தானே வழங்கப்பட்டது. அவன் பெயர் எதிலும் இல்லை. எண் மட்டும் மார்பில் இருந்தது. 1881இல் அந்த எண்களும் கைவிடப்பட்டன.

ஆனால் 69 என்னும் எண் நமக்குப் புதியதன்று. வேலூருக்கு அருகில் ஆறாண்டுகள் பங்குப் பணி ஆற்றியவர் நாம். 1806 ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த 69ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனியினர். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் கொல்லப்பட்ட சிப்பாய்கள் சில நூறு பேர்.

அத்தனை குருதிக்கும் உடனடிக் காரணங்களுள் ஒன்று உடை. நெற்றிக்குறி இடலாகாது, தாடி வளர்க்கலாகாது, காதணி அணியலாகாது; தோல் சேர்த்த புதிய தலைப்பாகையை அணியவேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கவே இந்த ஏற்பாடு என்று சிப்பாய்கள் அஞ்சினர்.

பொத்தானைக் கையில் வைத்திருந்த அந்த வேளையில் நம் உள்ளத்தில் எழுந்தது இரக்கமன்று, கசப்பே. நம் மக்களைச் சுட்டவர்களின் அடையாளம் என்ற எண்ணமே முந்தி நின்றது. அதை மறைக்காமல், வேலூர் நிகழ்ச்சியை முதியவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அங்கே புதைக்கப்பட்ட எங்கள் பையன்களுக்காக யாராவது செபிக்கிறார்களா, ஃபாதர்?"

நமக்கு நாணமாயிற்று. கோட்டைக்கு எதிரிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருப்பதை அறிவோம். ஆறு நவம்பர்களிலும் நம் பங்கின் கல்லறைகளை மந்திரித்தோமேயன்றி, அந்த வாயிலுக்குள் ஒருமுறையும் அடியெடுத்து வைக்கவில்லை. இறந்தோருக்காக வேண்டுவது நம் கடமை என்று பிறருக்குப் போதித்த வாய் இது.

பொத்தானை நாம் எடுத்துவரவில்லை. அது அந்த மண்ணுக்குரியது. ஒரு தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, எண்ணை மட்டும் பதித்துக்கொண்டோம். அந்தப் பொத்தானை அணிந்தவன் வேலூருக்கு வந்தவனா என்பதை எவராலும் கூறமுடியாது. என்றாலும் அவனும் ஒரு தாயின் பிள்ளையே.

அவ்வாண்டு நவம்பரில் வேலூர் சென்றோம். கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தாளை விரித்து, 69ஆம் பிரிவினருக்காகச் செபித்தோம். பின்னர் கோட்டைக்குள் சென்றோம். சிப்பாய்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை, மதிலருகே நின்றோம். வழக்கமான செபம் நாவின் நுனிவரை வந்தது. ஆனால், எந்த அடையாளம் தங்கள்மேல் சுமத்தப்படும் என்று அஞ்சி அவர்கள் உயிரைக் கொடுத்தார்களோ, அந்த அடையாளத்தை இறந்தபின்னும் அவர்கள்மேல் போர்த்துவது முறையா? செபத்தை விழுங்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, தலைதாழ்த்திச் சற்று நேரம் நின்று திரும்பினோம்.

நாமும் சீருடை அணிபவரே. ஆனால் இந்த அங்கியை நாமே விரும்பி ஏற்றோம். அந்த உரிமை மறுக்கப்பட்டவர்களை, நாள்தோறும் காலையில் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டும்போது நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்து முதியவரின் மனைவிக்காகவும் அப்போது ஒரு சிறு வேண்டுதல் உண்டு. தாள் இன்னும் நம் செபநூலுக்குள் இருக்கிறது.