முயல் செய்த பாவம் என்ன?

திருத்தணி மலைப் படிகளில் ஏறும் முதியோர் பலரைக் கண்டிருக்கிறோம். கை நடுங்கும், கையிலுள்ள தேங்காய்த் தட்டும் உடன் நடுங்கும். காரணம் கேட்டால், தமிழ் பேசுவோர் 'முன்வினை' என்பர். தெலுங்கு பேசுவோர் 'கர்மா' என்பர். 1953-இல் ஆந்திரத்தோடு போய், 1960-இல் தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. எல்லை மாறிற்று, விடை மாறவில்லை!

எம் தெருப் பெரியவர் ஒருவருக்கும் நடுக்கம் கண்டது. செலுத்தாத காவடியே காரணம் என்றனர் வீட்டார். "இரத்த அழுத்தத்திற்கு என்ன மாத்திரை உண்கிறார்?" என்று கேட்டோம். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. நடுக்கத்திற்கும் மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்று நகைத்தனர்.

தொடர்பு உண்டு. சர்ப்பகந்திச் செடியின் வேர் நம் நாட்டில் நெடுங்காலம் மருந்தாக இருந்தது. அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் அளந்தறிந்து, 1949-இல் உலகுக்கு எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அழுத்தம் தணிந்தது, ஆனால் அதை உண்ட சிலருக்கு நடுக்கம் வந்தது, உள்ளமும் சோர்ந்தது.

சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் ரெசர்பின் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோபா என்னும் பொருளைச் செலுத்தினார், எழுந்து நடமாடின! எலிகளிடம் ரெசர்பின் விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்குவதைப் பிற ஆய்வுகள் காட்டின. மூளையில் டோபமின் குறைவதே காரணம் என்பது தெளிவாயிற்று. பார்க்கின்சன் நோய்க்கு இன்று தரப்படும் லெவோடோபா இந்த வழியில் வந்ததே. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மற்றொரு மருந்தான புரோப்ரனலாலோ, ஒருவகைக் கை நடுக்கத்தைத் தணிக்கிறது!

முயலுக்கு முன்வினை ஏது? எலி எந்தக் காவடியை மறந்தது? மருந்து கொடுத்தால் வருவதும், மாற்று மருந்தால் போவதும் தெய்வத்தின் சீற்றமாகுமா?

இன்று ரெசர்பின் தருவது அரிது. எனினும் வேறு சில மருந்துகளாலும் நடுக்கம் வரக்கூடும். முதுமையாலும் நோயாலும் வருவதும் உண்டு. எதனால் என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமே நிறுத்துவது இன்னொரு மூடத்தனம்; அழுத்தம் ஏறிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

இளைஞர்களே! வேர் நம்முடையது என்று பெருமை பேசுவது எளிது. அளந்தவர்களே அதன் நன்மையையும் தீமையையும் அறிந்தனர். உங்கள் இல்லத்து முதியவரின் கை நடுங்கினால், மருந்துச் சீட்டோடு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எந்நாள் முதல் என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளில் தொடங்குகிறது பகுத்தறிவு.