கதவு திறந்தப்போ நாம இல்ல

காலையில விழுப்புரத்துல பசங்க செருப்பை கோல்போஸ்ட்டா வெச்சு ஆடிட்டிருந்தாங்க. ஓரமா நின்னு பாத்தேன்.

திண்டிவனத்துப் பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, ஃபுட்பால்ல தமிழ்நாட்டு டீம் எப்பவாச்சும் கப் அடிச்சிருக்கா?"

அடிச்சிருக்குடா தம்பி!
சென்னை சிட்டி எஃப்சி. ஐ-லீக், 2018-19.
கடைசி மேட்ச், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாப் முதல் கோல் போட்டுச்சு. அங்கேர்ந்து எழுந்து வந்து 3-1.
ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயின்ட் கூட.
பெட்ரோ மான்சி மட்டும் அந்த சீசன்ல 21 கோல். என்னா ஆட்டம்!

ஆனா அப்போ ஐ-லீக் ஜெயிச்சா ஐஎஸ்எல்லுக்கு ஏற வழியே கிடையாது.
2023-லதான் அந்தக் கதவு திறந்துச்சு. பஞ்சாப் ஏறுச்சு.
அடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங். 1891-ல ஆரம்பிச்ச கிளப், எத்தனையோ வருஷம் கீழ கிடந்துட்டு மேல வந்துச்சு. மனசார சந்தோஷப்பட்டேன்.

நம்ம டீம்?
கதவு திறந்தப்போ லீக்லயே இல்ல.

இன்னும் ஆறல எனக்கு.

முகமதனால முடிஞ்சிருக்கு. கீழ் டிவிஷன்லேர்ந்தாவது இந்த டீமை மறுபடி கிளப்பிவிட நம்ம ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல?