நுவாங் மலையில் கடைசி ஆள்

கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போனால் பங்சூன் வந்துவிடும். சிலாங்கூரில் உள்ள குனோங் நுவாங்கிற்கு (1,493 மீட்டர்) அங்கிருந்து ஒரு பாதை ஏறுகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சேர்ந்து மலையேறும் எங்கள் குழு, இம்முறை அங்கே போனது. தாதியர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர், வானொலியில் பேசிப் பிழைக்கும் நான் என மொத்தம் 14 பேர்.

நுவாங் முதலில் சோதிப்பது காலை அல்ல, பொறுமையை. தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அகலமான மண்சாலை. ‘முடிவே இல்லாத சாலை’ என்றுதான் மலையேறிகள் அதைச் சொல்வார்கள். கெம் லோலோவில் ஆற்றைப் பார்த்ததும் உயிர் வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். மரவேர்களே படிக்கட்டு.

அடுத்தது கெம் பாச்சாட். மலாயில் ‘பாச்சாட்’ என்றால் அட்டை. மழை பெய்த மறுநாள் போனால் பெயர்க்காரணம் உங்கள் காலுறைக்குள்ளேயே இருக்கும். நாங்கள் துள்ளிக் குதித்தபோது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த 61 வயது அக்கா ஒருவர் சிரித்தார். “பால்மரம் வெட்டப் போறப்ப எங்கம்மா புகையிலைத் தண்ணிய கால்ல பூசிக்குவாங்க. இதுக்கா இவ்வளவு ஆட்டம்?” என்றார்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. முன்னால் ஒருவர் வழிகாட்டுவார். அனுபவமுள்ள இன்னொருவர் கடைசி ஆளாக வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. மதியம் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்து திரும்பல்.

அன்று கெம் பாச்சாட்டைத் தாண்டியதும் அந்த அக்காவுக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. மணி 12.40. வானம் கறுத்துவிட்டது. ஜொகூரிலிருந்து இரண்டாம் முறையாக வந்திருந்த தம்பிக்கு முகம் வாடிப்போனது. “நாங்க நாலு பேர் மட்டும் ஓடிப்போய்ட்டு வந்துடுறோமே, அண்ணே?” என்றான்.

தலைவர் குரலை உயர்த்தவில்லை. “மேல பெங்காசே உச்சி இருக்கு. அதுதான் சிகரம்னு நினைப்ப. அங்கிருந்து இறங்கித் திரும்ப ஏறணும். இருட்டுல அந்த வேர்ப்பாதையில நீ எறங்குனா, உன்னைத் தேட யார் வர்றது? அடுத்த மாசமும் சனிக்கிழமை வரும்டா.”

பதினான்கு பேரும் திரும்பினோம். தம்பிதான் அக்காவின் பையைத் தூக்கினான். ஆற்றங்கரைக்கு வருவதற்குள் மழை கொட்டியது. மேலே போயிருந்தால் அந்த மழையில் எங்கே மாட்டியிருப்போம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிகரத்துப் படம் இல்லாத அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எங்கள் குழுவில் இன்றும் அதிகம் பேசுகிறோம். புதியவர்கள் தயங்காமல் சேர்வதற்கும் அதுவே காரணம். மெதுவாக நடந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இங்கே இல்லை.

நீங்களும் போகலாம்

நிரந்தர வனக்காப்பகங்களில் மலையேற வனத்துறை அனுமதி தேவை. வழிகாட்டி பற்றிய விதிமுறைகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் புறப்படுங்கள். ஏறி இறங்க ஒரு முழுநாள் பிடிக்கும். தலைவிளக்கு, மழையாடை, நீண்ட காலுறை, உப்புக் கரைசல் பொட்டலம் கட்டாயம். முதல் பயணத்திற்கு நுவாங் வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங்கில் சில வாரம் நடந்து பழகுங்கள். குழுவில் சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்களில் கடைசி ஆள் யார்?” பதில் சொல்ல யோசிக்கும் குழுவோடு மலைக்குப் போகாதீர்கள்.