தனித்து விடப்படும் உரிமை

ஆட்டோ சங்கரை 1995 ஏப்ரலில் தூக்கிலிட்டது எங்கள் சேலம் மத்திய சிறையில்தான். அவன் எழுதிய தன்வரலாற்றில் போலீஸ் அதிகாரிகளின் தொடர்புகளும் இருந்ததாகப் பேச்சு. 'நக்கீரன்' வெளியிட முனைந்ததும் சிறைத்துறை நடவடிக்கை எடுப்போம் என்று கடிதம் அனுப்பியது. 1994இல் உச்ச நீதிமன்றம், அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. குடிமக்களுக்குத் தனித்து விடப்படும் உரிமை உண்டு. அதிகாரிகள் பணியில் செய்தவற்றுக்கு அந்தத் திரை கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ, ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது. தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் அது.

வகுப்பில் இதைச் சொன்னபோது நாமக்கல் பக்கத்து மாணவி கேட்டாள்: "அரசாங்கம் இருக்கட்டும்மா. எங்கண்ணன் தெனமும் என் போனப் பிடுங்கிப் பாக்குறானே, அதுக்கு எந்தக் கோர்ட்டு?" 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று உறுதிசெய்ததைச் சொன்னேன். அதுவும் முதன்மையாக அரசை நோக்கியதே. போனில் எழுதும் கவிதைகளை, வீடு சேருமுன் அவள் அழித்துவிடுவாளாம்.