ஒன்ராறியோவில் மீத்திறன் வகுப்பும் கணக்குப் பாடமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மீத்திறன் கல்வி, சிறப்புக் கல்வியின் ஒரு பிரிவு. சிறப்புத் தேவையுள்ள எல்லா மாணவருக்கும் ஏற்ற கல்வி தருவதைக் கல்விச் சபைகளின் கடமையாக்கியது 1980இல் நிறைவேறிய 82ஆம் இலக்கச் சட்டமூலம். மாகாணத்தின் வகைப்பாட்டில் மீத்திறனும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. இலங்கையிலிருந்து சென்ற பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையையும் அதன் வெட்டுப்புள்ளியையும் பார்த்து வளர்ந்தவர்கள், பிள்ளை 'கிஃப்டட்' (மீத்திறன்) என்று கடிதம் வந்தால் உறவினருக்கெல்லாம் தொலைபேசி எடுக்கிறார்கள்.

பல சபைகள் மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் சீகேட் எனப்படும் தேர்வை வைக்கின்றன. சொல், எண், உருவம் என மூவகை வினாக்கள். பாடத்தைப் படித்து விடையெழுதும் பரீட்சை அல்ல இது. பயிற்சிப் புத்தகம் வாங்கித் தயார்படுத்துவது சோதனையையே கெடுப்பதாகும். பிறகு ஐபிஆர்சி என்ற குழு கூடி, பிள்ளை மீத்திறன் வகையில் சேருமா என்று முடிவெடுக்கும். பெற்றோர் அதில் அமர்ந்து பேசலாம், மேன்முறையீடும் செய்யலாம். நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டு வருவோருக்கு இது தெரிவதில்லை.

மீத்திறன் முத்திரை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வீட்டுக்குள் இழுபறி கணக்கில்தான். 27ஐ 14ஆல் பெருக்க அப்பா 108 எழுதி, அடியில் ஓரிடம் தள்ளி 27 எழுதி, கூட்டி 378 என்று முடித்துவிடுவார். பிள்ளை ஒரு பெட்டி வரைந்து நான்காகப் பிரிக்கும்: 20×10, 20×4, 7×10, 7×4. கட்டங்களில் 200, 80, 70, 28. கூட்டினால் அதே 378. அப்பாவுக்கு இது வீண் சுற்று. ஆனால் அவர் தள்ளி எழுதிய 27 உண்மையில் 270 என்பது பெட்டியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இயற்கணிதத்தில் அடைப்புக்குறிகளைப் பெருக்கும்போதும் இதே பெட்டி உதவும். என்றாலும் ஏழுநான்கு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்குப் பெட்டி கைகொடுக்காது.

மாகாணத்தின் 2005ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டம் வழி தேடுவதற்கும் விளக்கி எழுதுவதற்கும் அதிக இடம் தந்தது. 2015-16இல் மாகாணத் தேர்வெழுதிய ஆறாம் வகுப்பு மாணவரில் பாதிப்பேரே கணக்கில் எதிர்பார்த்த தரத்தை எட்டினர். குற்றம் பாடத்திட்டத்தினதுதானா என்ற வாதம் ஓயவில்லை. 2020இல் வந்த புதிய பாடத்திட்டம், 12×12 வரை வாய்ப்பாட்டை ஐந்தாம் வகுப்பில் மனத்திலிருந்து சொல்லவேண்டும் என்றது. முதலாம் வகுப்பிலிருந்தே கோடிங்கையும் சேர்த்தது. ஸ்காபரோவின் தமிழ் ரியூசன் வகுப்புகள் இதற்காகக் காத்திருக்கவில்லை. வாய்ப்பாடு அங்கே நின்றதே இல்லை.

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் 'அகடமிக்' (கோட்பாடு சார்ந்த), 'அப்ளைட்' (செயல்முறை சார்ந்த) பிரிவுகள் ஒன்றாயின. கறுப்பின, பூர்வகுடி, வறிய மாணவர்கள் அப்ளைட் பக்கம் மிகுதியாக ஒதுக்கப்பட்டதே முக்கிய காரணம். கூடுதல் கணக்குக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் போட்டிகள் இருக்கின்றன: ஏழாம், எட்டாம் வகுப்புக்குக் காவுஸ், ஒன்பதுக்குப் பாஸ்கல், பத்துக்குக் கேய்லி. இவற்றில் சேர மீத்திறன் முத்திரை தேவையில்லை. பழைய வினாத்தாள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.